மூன்றாவது தளம்: உலோகப் பரப்பின் செம்மையை முன்னறிய முயன்ற வரலாறு

தயிர் கடைதலும் மரம் கடைதலும் தமிழில் ஒரே வினைச்சொல்லால் வழங்குகின்றன. மத்தினைக் கயிற்றாற் சுற்றி மாறிமாறி இழுப்பது போலவே, பழைய கடைசற்காரரும் மரத்துண்டினைக் கயிற்றாற் சுழலச் செய்து உளியைப் பொருத்தினர். கட்டிற் காலும் தொட்டிற் காலும் அவ்வாறே உருப்பெற்றன. கடைந்த பரப்பு நன்கமைந்ததோ அன்றோ என்பதைக் கடைந்தவனுடைய விரல் நுனியே தீர்த்துரைத்தது. அத்தொழிலுக்கு அவ்விரலே போதிய அளவுகோலாக இருந்தது.

இற்றைநாளில் உலோகங் கடைவோரிடம் உலகம் வேண்டும் செம்மை, விரலுணர்வுக்கு எட்டாதது. பழுதுற்ற இடுப்பு மூட்டுக்குப் பதிலாக மருத்துவர் பொருத்தும் செயற்கை மூட்டினை எடுத்துக்கொள்வோம். அதன் உலோகத் தலையின் சராசரிக் கரடு 0.05 மைக்கிரோமீற்றருக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச நியமம். ஒரு மைக்கிரோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரை தடிப்புடையது என்பதை எண்ணினால், வேண்டப்படும் ஒப்பம் எத்தகையது என்பது புலனாகும்.

இத்தகைய பரப்பினைக் கடைந்து முடித்தபின் அளந்து பார்ப்பதோடு இன்றைய பொறியியலாளர் அமைதியுறுவதில்லை. உளி உலோகத்தைத் தொடுவதற்கு முன்னரே, வெட்டும் செயல் முழுவதையும் எண்களாக்கிக் கணினியுள் நிகழ்த்திக் காட்டி, தோன்றப்போகும் பரப்பு எவ்வளவு கரடாயிருக்கும் என்று முன்கூட்டியே உரைக்க முற்படுகின்றனர். இதுவே கணினி ஒப்புருவாக்கம் எனப்படுவது. இம்முயற்சி எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அதனை எவ்வளவிற்கு நம்பலாம் என்பனவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முடிமன்னரையும் போர்க்களங்களையும் மாத்திரமே வரலாறெனக் கருதும் மாணவர்க்கு இது புதுவதாகத் தோன்றலாம். ஆயினும் நாம் வாழும் உலகினை ஆக்கியவை போர்க்களங்கள் மட்டுமல்ல, தொழிற்சாலைகளும் ஆம்.

உருளையும் தளமும்

ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறிக்குத் தனியான ஒடுக்கியை அமைக்கும் எண்ணத்தை 1765 ஆம் ஆண்டிலேயே பெற்றார். 1769 இல் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். எனினும் அப்பொறி பயனுற இயங்குதற்குப் பின்னும் பல ஆண்டுகள் கழிந்தன. குறை அவருடைய எண்ணத்திலன்று, உருளையிலேயே இருந்தது. அக்காலத்து உருளைகள் உட்புறம் வட்டமாக அமையவில்லை. ஆடுதண்டுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே நீராவி கசிந்தோடியது. எண்ணெய் தோய்த்த கந்தல், தக்கை, தாள் முதலியவற்றை அடைத்துப் பார்த்தும் அவர் வெற்றி கண்டிலர்.

இவ்விடரினைத் தீர்த்தவர் இரும்பு வார்ப்பாளராகிய ஜோன் வில்க்கின்சன். பீரங்கி துளைக்கும் முறையொன்றுக்கு 1774 இல் ஆக்கவுரிமை பெற்ற அவர், அடுத்த ஆண்டில் உருளை துளைக்கும் பொறியொன்றை அமைத்தார். முன்னைய பொறிகளில் வெட்டுளியைத் தாங்கிய தண்டு ஒரு முனையில் மட்டுமே பிடிக்கப்பட்டிருந்தது. ஆதலால் உளி, வார்ப்பின் கோணலை நேராக்காது, அக்கோணலையே பின்பற்றிச் சென்றது. வில்க்கின்சன் தண்டினை உருளையூடே செலுத்தி இரு முனைகளிலும் தாங்கச் செய்தார். அதன் பயனாக, 50 அங்குல விட்டமுள்ள உருளையிலும் பிழை ஒரு பழைய சில்லிங் நாணயத்தின் தடிப்புக்கு மேற்படவில்லை என்று வாட்டின் பங்காளி மத்தியூ போல்ற்றன் வியந்து எழுதினார். வாட்டின் பொறிகள் 1776 இல் தொழிலிடங்களில் இயங்கத் தொடங்கின. கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதுவோர் வாட்டின் பெயரை மறப்பதில்லை. அவருடைய எண்ணத்துக்கு உடல் கொடுத்த துளைப்பொறியினைச் சிலர் மறந்துவிடுகின்றனர்.

அடுத்த தலைமுறையில் இலண்டன் மாநகரத்து ஹென்றி மோட்ஸ்லி, தம் தொழிலாளரின் மேசைகளிலே தட்டையான உலோகத் தளங்களை வைத்தார். செய்த பொருளை அத்தளத்தின்மேல் வைத்துப் பார்த்துப் பிழை திருத்துதல் அங்கு அன்றாட வழக்கமாயிற்று. அங்குலத்தின் பதினாயிரத்திலொரு பங்கினை அளக்கவல்ல கருவியொன்றையும் அவர் செய்தார். தொழிலாளரிடையே எழும் பிணக்குகளுக்கு இறுதித் தீர்ப்பு வழங்கியமையால் அது ‘சான்சலர் பிரபு’ எனப் பெயர் பெற்றது.

மோட்ஸ்லியிடம் தொழில் பயின்ற ஜோசப் விட்வேர்த் 1840 இல் கிளாஸ்கோ நகரில் பிரித்தானியச் சங்கத்தார் கூட்டத்திலே உண்மைத் தளம் ஆக்கும் முறையை விளக்கினார். அம்முறை எளிது, ஆயினும் ஆழ்ந்த கருத்துடையது. இரு தளங்களை ஒன்றோடொன்று பொருந்தச் சுரண்டினால், அவை முற்றும் பொருந்தியபோதும் தட்டையாக இருத்தல் நிச்சயமன்று. ஒன்று சிறிது குழிந்தும் மற்றது அதே அளவிற் புடைத்தும் இருக்கலாம். அப்பொழுதும் அவை இடைவெளியின்றிப் பொருந்தும். மூன்றாவது தளம் ஒன்றைக் கொணர்ந்து, மூன்றும் ஒன்றோடொன்று மாறிமாறிப் பொருந்துமாறு சுரண்டினாலன்றி உண்மை வெளிப்படாது. இரண்டு பொருள்கள் தம்முள் உடன்பட்டுப் பிழையாக இருத்தல் கூடும், மூன்றாவதே சான்று. இந்நியதியை வாசகர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பின்வரும் வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

எண்களின் வருகை

உலோகம் வெட்டுதலைக் கணக்கிற்குட்படுத்த முதன்முதல் பெருமுயற்சி செய்தவர் ஐக்கிய அமெரிக்காவின் பிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லர் ஆவார். 1880 இல் பிலடெல்பியாவில் மிட்வேல் உருக்காலையிலே தொடங்கிய ஆய்வினை அவர் 26 ஆண்டுகள் நடத்தினார். 800,000 இறாத்தலுக்கு மேற்பட்ட இரும்பும் உருக்கும் சீவல்களாயின; பதிவு செய்யப்பட்ட சோதனைகள் 30,000 க்கும் 50,000 க்கும் இடைப்பட்டவை. இவற்றின் பயனை 1906 இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் தலைமையுரையாக வெளியிட்டார். உளியின் வடிவு, உலோகத்தின் வன்மை, வெட்டின் ஆழம் முதலாகப் பன்னிரண்டு காரணிகள் வெட்டும் வேகத்தை ஆள்வதைக் கண்ட அவருக்கு, அவற்றை ஒருங்கே கணித்தல் பெருஞ் சிக்கலாயிற்று. அவரோடு பணியாற்றிய கார்ல் பார்த் என்னும் கணித வல்லுநர் இதற்கெனவே தனி வகையான ‘சிலைட் றூல்’ அளவுகோல்களை அமைத்தார். அவற்றின் துணையாற் கைதேர்ந்த தொழிலாளி எவரும் அரை நிமிடத்துக்குள் விடை காணலாம் என்றார் டெய்லர். இன்றைய கணினி ஒப்புருவாக்கத்தின் முன்னோடி இம்மரச்சட்டமே எனல் தவறாகாது.

ஈண்டு மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் முறையன்று. தொழிலாளியின் கையிலும் கண்ணிலும் இருந்த அறிவு, அவனைவிட்டு நீங்கித் திட்டமிடும் அலுவலகத்துக்குச் சென்றது. டெய்லரின் முறை புகுத்தப்பட்டபோது 1911 இல் வாட்டர்ரவுண் படைக்கலச் சாலையில் வேலைநிறுத்தம் மூண்டது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அம்முறையை விசாரிக்கக் குழு நியமித்தது. அறிவு எவர் கையில் இருத்தல் வேண்டும் என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. அது இன்னும் ஓய்ந்தபாடில்லை.

டெய்லர் வேகத்தையும் உளியின் ஆயுளையும் கணித்தாரேயன்றிப் பரப்பின் கரட்டினைக் கணித்திலர். அளக்கவியலாத ஒன்றை எங்ஙனம் கணிப்பது? அக்காலத்தும் பரப்பின் தரத்தைக் கண்ணாற் பார்த்தும் நகத்தாற் சுரண்டியுமே அறிந்தனர். ஜேர்மனியிற் குஸ்தாவ் சுமால்ற்ஸ் என்பார் 1929 இல் நுண்ணிய ஊசியொன்றைப் பரப்பின்மேல் நகர்த்தி, அதன் ஏற்றவிறக்கத்தை ஒளிக்கதிரினாற் பெருக்கிப் பதியச் செய்தார். அமெரிக்காவில் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்து அபட், பயர்ஸ்ற்றோன் என்னும் இருவர் 1933 இல் பரப்பின் தரத்தைக் குறிக்கும் வழியொன்றை வகுத்தனர். கரடுப் பரப்பின் எந்தப் பங்கு எவ்வுயரத்திற் பாரத்தைத் தாங்கும் என்பதை ஒரு வளைகோட்டாற் காட்டும் அவர்தம் முறை இன்றும் வழங்குகின்றது. 1941 இல் இங்கிலாந்தின் லெஸ்ற்றர் நகரில் ‘தாலிசேர்வ்’ என்னும் கருவி தோன்றியது. ஊசி எழுதிய வரைபடத்திலே, கண்ணுக்கு ஆடிபோல மின்னிய உலோகம் மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த நிலமாகக் காட்சியளித்தது.

முன்னறிதல்

அளவு வந்தபின் முன்னறிதல் தொடங்கியது. அதன் முதற்படி எளிய கேத்திரகணிதமே. கடைசற் பொறியிற் பொருள் ஒருமுறை சுற்றுந்தோறும் உளி சிறிது தூரம் பக்கமாக நகர்கின்றது. உளியின் நுனி வட்டமாயிருத்தலின், ஒவ்வொரு சுற்றும் ஒரு சால் போன்ற பள்ளத்தை விட்டுச் செல்லும். இரு சால்களுக்கிடையே நிற்கும் வரம்பின் உயரம், உளி ஒரு சுற்றில் நகரும் தூரத்தின் வர்க்கத்தை நுனியின் ஆரையின் எட்டு மடங்கினாற் பிரிக்க வருவது. நுனியின் ஆரை 0.8 மில்லிமீற்றர், நகர்வு 0.2 மில்லிமீற்றர் எனின் வரம்பின் உயரம் 6.25 மைக்கிரோமீற்றர். நகர்வினைப் பாதியாக்கினால் உயரம் காற்பங்காகும். அதாவது ஏறக்குறைய 1.56 மைக்கிரோமீற்றர்.

இக்கணக்கின்படி நகர்வினை மேலும் மேலும் குறைத்தால் எவ்வளவு ஒப்பமான பரப்பையும் பெறலாம் அன்றோ? தொழிற்சாலையின் விடை வேறு. 1961 இல் பிரம்மெர்ற்ஸ் என்னும் ஜேர்மானியர், மிக நுண்ணிய கடைசலில் அளந்த கரடு கணித்த கரட்டினைவிட மிகுந்து நிற்பதை ஆராய்ந்து காரணங் காட்டினார். சீவல் ஓர் எல்லைக்கு மேல் மெலிந்தால், உளி வெட்டாது. உலோகத்தை அழுத்தித் தேய்த்துச் செல்லும். ஆகவே நகர்வினை அளவிறந்து குறைத்தல் பயனின்மையோடு தீங்கும் ஆகலாம். இரு தளங்களாகிய சூத்திரமும் எண்கணிதமும் தம்முட் பொருந்தின. அளந்த பரப்பாகிய மூன்றாவது தளமே பிழையை வெளிப்படுத்தியது.

இதே பாடத்தினைச் சீவலின் இயக்கவியலிலும் காண்கிறோம். சின்சினாற்றி நகரத்து மேர்ச்சன்ற் 1945 இல், உலோகம் ஒரு சாய்தளத்தின் வழியே வழுக்கிச் சீவலாகின்றது எனக் கொண்டு, அத்தளத்தின் சாய்வைக் கணித்தார். பிளாத்திக்கு வகைப் பொருளில் அவர் கணக்கு நன்கு பொருந்தியது, உருக்கிற் பொருந்தவில்லை. அவர் தம் கொள்கையைப் பரப்பின்மேல் திணிக்காது, கொள்கையையே திருத்தினார். ஆராய்ச்சியாளர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை.

அதிர்வின் வரலாறு இன்னும் சுவையுடையது. வெட்டும்போது உளி நடுங்கிப் பரப்பிலே அலையலையான வடுக்களை விட்டுச் செல்லும் தொல்லையினைத் தொழிலாளரை எதிர்நோக்கும் சிக்கல்களுள் மிகவும் விளங்காத ஒன்றாக டெய்லர் கருதினார். 1950 களில் செக்கொசிலோவாக்கியாவிலே துலுஸ்ற்றி முதலியோரும் இங்கிலாந்திலே தொபையஸ் முதலியோரும் அதன் மூலத்தைக் கண்டனர். முந்திய சுற்றில் உளி விட்டுச் சென்ற அலையே அடுத்த சுற்றில் உளியை மீண்டும் ஆட்டுகின்றது. அந்த ஆட்டம் புதிய அலையை எழுதுகின்றது. இவ்வாறு பிழை பிழையைப் பெற்று வளர்கின்றது. இதிலிருந்து வியத்தகு முடிபொன்று கிடைத்தது. அதிர்வு தோன்றினால் வேகத்தைக் குறைப்பதே தொழிலாளர் வழக்கம். சில வேளைகளில் வேகத்தைத் தக்கவாறு கூட்டினால், பழைய அலையும் புதிய அலையும் ஒத்திசைந்து அதிர்வு அடங்கும் என்று கணிதம் காட்டியது. கையறிவு காணாத வழியைக் கணக்கறிவு காட்டிய இடம் இது. கணினியின் மதிப்பை மறுப்போர் இதனை எண்ணுதல் வேண்டும்.

கணினியுள் கடைதல்

1952 இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் எண்களால் ஆளப்படும் வெட்டுபொறி மக்களுக்குக் காட்டப்பட்டது. கணினி இவ்வாறு பட்டறையுட் புகுந்தது. அடுத்துப் பட்டறை கணினியுட் புகுந்தது. பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் விசையையும் உருமாற்றத்தையும் தனித்தனி கணித்துப் பின்னர்க் கூட்டும் முறை, 1960 ஆம் ஆண்டளவில் முடிவுறு மூலக முறை எனப் பெயர் பெற்றது. 1973 இல் கிளமெக்கி என்பார் சீவல் தோன்றும் செயலுக்கு அதனைப் பயன்படுத்தினார். 1983 இல் ஜோன்சனும் குக்கும் மிகு வேகத்திலும் வெப்பத்திலும் உலோகம் எதிர்க்கும் வலிமையைத் தரும் சமன்பாட்டினை வகுத்தனர். 1990 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தார் அணுக்களையே ஒவ்வொன்றாகக் கணித்து வைரவுளியின் வெட்டினைக் கணினியிற் பாவனை செய்தனர். அக்காலத்திலேயே யப்பானிய, அமெரிக்க ஆய்வாளர் ஒரு நனோமீற்றர் அளவு மெலிந்த செப்புச் சீவலை மெய்யாகவே வெட்டியும் காட்டினர். ஒரு நனோமீற்றர் என்பது மைக்கிரோமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. சில அணுக்களின் அகலமே.

இத்துணை வளர்ச்சியின் பின்னரும் ஒப்புருவாக்கம் முற்றும் நம்பத்தக்கதோ எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். காரணங்கள் மூன்று. முதலாவது, காலம். கூறுகூறாகக் கணிக்கும் முறை பெரும்பாலும் சில மில்லிசெக்கன் வெட்டினையே காட்டவல்லது. ஒரு பரப்பினைக் கடைந்து முடிக்கவோ பல நிமிடங்கள் செல்லும். அதற்குள் உளி தேயும், பொறி வெப்பமுற்று விரியும். இரண்டாவது, உராய்வு. உளிமுகத்துக்கும் சீவலுக்குமிடையே நிகழ்வது எவர் கண்ணுக்கும் எட்டாதது; அங்கு இடும் எண் பெரும்பாலும் ஊகித்துப் பின்னர்ச் சரிசெய்யப்படுவது. மூன்றாவது, உலோகத்தின் இயல்பு. கணினியின் உலோகம் பெரும்பாலும் ஒரு சீரானது. மெய்யான உலோகம் மணிமணியாய், ஓரிடம் வன்மையும் ஓரிடம் மென்மையும் உடையது. இக்குறைகளை உணர்ந்தே இற்றைநாளில் பொறியில் உணரிகளைப் பொருத்தி, வெட்டும்போதே வரும் அளவுகளாற் கணினி உருவினை இடையறாது திருத்தும் முறை கையாளப்படுகின்றது. இலக்கமுறை இரட்டை என இதனைக் கூறுவர். அளவின் துணையின்றி அவ்விரட்டையும் குருடே.

இரு சான்றுகள்

மூன்றாவது தளத்தைப் புறக்கணித்ததன் விளைவுக்கு அண்மைக்கால வரலாறு தரும் சான்றுகள் இரண்டினைக் காட்டுவேன்.

1990 ஏப்பிரலில் விண்ணிற் செலுத்தப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீற்றர் ஆடி வியத்தகு ஒப்பமுடையது. எனினும் அதன் விளிம்பு வேண்டியதைவிட ஏறக்குறைய 2 மைக்கிரோமீற்றர் தட்டையாக அமைந்துவிட்டது. ஆடியைத் தீட்ட வழிகாட்டிய சோதனைக் கருவியில் வில்லையொன்று 1.3 மில்லிமீற்றர் இடம் பிசகி இருந்தமையே காரணம். ஆடியும் அக்கருவியும் தம்முள் முற்றும் உடன்பட்டன. வேறு கருவிகள் பிழையைக் காட்டியிருந்தன. அவை நுட்பம் குறைந்தவை என்று கருதி அவற்றின் சான்றினைத் தள்ளிவிட்டனர். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர் சென்று திருத்தும் ஒளியியற் கருவிகளைப் பொருத்தும்வரை அத்தொலைநோக்கியின் பார்வை மங்கியே இருந்தது.

மற்றையது உயிரிழப்பில் முடிந்தது. 1996 யூலை 6 ஆம் நாள், புளோறிடா மாநிலத்துப் பென்சக்கோலா விமான நிலையத்தில், எம்.டி. 88 வகை விமானமொன்று ஓடுபாதையிற் புறப்பட முயன்றபோது, அதன் இடப்பக்கப் பொறியின் விசிறிக் குடம் வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் விமான உடலைத் துளைத்தன. பயணிகள் இருவர் மாண்டனர். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையில், தைத்தேனிய உலோகக் குடத்திலே துளையிட்டபோது ஒரு துளையின் சுவர் மிகையாக வெப்பமுற்று, அதன் மேற்படையின் உள்ளமைப்பு மாறியதும், அங்கிருந்தே பிளவு தொடங்கிப் படிப்படியாக வளர்ந்ததும் புலனாயின. செய்த காலத்துச் சோதனையும் பிந்திய சோதனையும் அதனைக் காணத் தவறின. பரப்பின் செம்மை என்பது ஒப்பம் மாத்திரமன்று; அதன்கீழ் மறைந்திருக்கும் மெல்லிய படையின் நலமும் ஆகும். இக்கருத்தினை 1964 இலேயே பீல்ட், காலெஸ் என்னும் அமெரிக்கர் எடுத்துரைத்திருந்தனர். ஒரு துளையின் சுவரில் மறைந்த வடு, அதனைத் துளைத்த நாளிற் கண்டிருந்தால் ஒரு குடத்தின் விலையோடு போயிருக்கும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன யாவை? கணினி வந்தமையாற் கையறிவு வேண்டா என்பார் ஒருசாரார். கையறிவு இருக்கக் கணினி எதற்கு என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் வரலாற்றுக்குப் பொருந்தா. அதிர்வின் மறையைக் கை அறியவில்லை, கணக்கே அறிந்தது. நுண்ணிய சீவலின் மறையைச் சூத்திரம் அறியவில்லை. அளந்த பரப்பே அறிவித்தது. தொழிலாளியின் அறிவை அலுவலகத்துக்கு மாற்றியபோது இழந்தது என்ன என்பதை டெய்லரின் அளவுகோல்கள் சொல்லவில்லை. அதனைச் சொன்னவர் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரே.

நம் கல்லூரியிலிருந்து பொறியியல் பயிலச் செல்லும் மாணவர் இனி உளியைப் பிடிப்பதற்கு முன் கணினித் திரையையே காண்பர். அத்திரையில் வண்ண வண்ணமாகத் தோன்றும் பரப்பு அழகியது. அதனை ஆக்கிய சமன்பாட்டோடு முற்றும் பொருந்துவது. பொருந்துதல் இயல்பே, அது அச்சமன்பாட்டின் பிள்ளை. கொள்கை ஒரு தளம், கணிப்பு மற்றொரு தளம். அவ்விரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தும்பொழுதே, கடைந்தெடுத்த மெய்யான பரப்பாகிய மூன்றாவது தளத்தைக் கொணர்ந்து வைத்துப் பார்த்தல் வேண்டும். விட்வேர்த் 1840 இல் உரைத்த இப்பாடம் உலோகத்துக்கு மாத்திரம் உரியதன்று. நூலும் நூலும் உடன்படும் இடத்தும் சான்றினைத் தேடும் வரலாற்று மாணவனுக்கும் அதுவே பாடம்.